அடி கழன்று வரும் டார்ட் தட்டு

ஹட்டனில் பேக்கரி சாமான் விற்கும் கடையில் வாங்கிய 9 அங்குலத் தட்டு இது. ஓரம் நெளிநெளியாக, அடித்தகடு தனியாகக் கழலும். நத்தாருக்குச் சொக்லேட் டார்ட் என்றால் இனி இதில்தான்.

கோதுமை மா, பட்டர், ஐசிங் சீனி, முட்டை மஞ்சள் கரு சேர்த்துப் பிசைந்து தட்டில் விரித்தேன். மேலே பேக்கிங் தாள் போட்டு, காய்ந்த கடலையை நிரப்பி 180 பாகையில் சுட்டேன். அந்தப் பாரம் இல்லாவிட்டால் மா நடுவில் உப்பிவிடும். தகடு கனமானது, அதனால் அடிப்பக்கமும் மொறுமொறுவென்று வெந்தது. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம். எங்கள் குளிரில் பட்டரும் சட்டென்று உருகாது, மாவைக் கையாள்வது சுலபம்.

உள்ளே ஊற்ற, 200 கிராம் கறுப்புச் சொக்லேட்டுக்கு 200 மில்லிலீற்றர் சூடான கிறீம். பொதியில் கொக்கோ பட்டர் என்று போட்டிருக்கிறதா, கட்டாயம் பாருங்கள். அதற்குப் பதிலாகத் தாவரக் கொழுப்புச் சேர்த்த மலிவுக் கட்டி வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதைக் கொடுக்க மனம் வராது.

சரி, தட்டின் குறை? கழுவியதும் துடைத்துக் காயவைக்காவிட்டால் இந்த ஈரக்காற்றில் நெளிகளில் துரு பிடிக்கிறது.