மை போட்டே கதையை முடிக்கும் மந்திரவாதி: டி.எம். கையில் உள்ள வழிகளில் எது தேறும்?

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் விளையாட்டு; கதையை நடத்துபவர் டன்ஜியன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். அதில் ஒரு விசார்ட் (மந்திரவாதி) ஒன்பதாம் லெவலைத் தொட்டதும் டி.எம்.முக்குப் புதுத் தலைவலி ஒன்று ஆரம்பிக்கும். அதன் பெயர் ஸ்கிரையிங், தூரத்து ஆளை உளவு பார்க்கும் ஸ்பெல், அதாவது மந்திரம். வெற்றிலையில் மையைத் தடவி, களவாண்டவன் முகம் தெரிகிறதா என்று பார்ப்பார்களே, அதன் பணக்காரப் பதிப்பு. ஆயிரம் தங்கக் காசு பெறுமான பளிங்கு உருண்டையோ வெள்ளிக் கண்ணாடியோ இருந்தால் போதும். வில்லன் எங்கே படுக்கிறான், யாரோடு என்ன பேசுகிறான் என்பதையெல்லாம் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம், கேட்கலாம். காரைக்குடியில் எங்கள் குழுவில் இதற்கு 'மை போடுவது' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

விசார்ட் மட்டுமென்றால் சமாளிக்கலாம். கிளெரிக், ட்ரூயிட், பார்ட், வார்லாக் என்று மந்திரம் போடும் மற்ற பாத்திர வகைகள் பலவற்றின் பட்டியலிலும் இந்த ஸ்பெல் இருக்கிறது. அதற்கு முன்பே, ஏழாம் லெவலில் விசார்டுக்கு ஆர்கேன் ஐ வந்துவிடும்: கண்ணுக்குத் தெரியாத ஒரு கண், ஒரு அங்குல ஓட்டை கிடைத்தாலும் நுழைந்து போகும். முதல் லெவலிலேயே ஃபெமிலியர் என்று ஒரு ஆந்தையோ பூனையோ உண்டு. நூறு அடிக்குள் இருந்தால் அதன் கண்ணால் பார்க்கலாம். இவ்வளவும் ஒரே குழுவில் சேர்ந்தால் ஒரு கதவைத் திறப்பதற்கு முன் ஒன்பது தடவை எட்டிப் பார்ப்பார்கள்.

இதற்கு டி.எம்.கள் சொல்லும் வைத்தியம் பலவிதம். பெரும்பாலானவர்கள் 'ரகசியம் வெளியே போய்விடுகிறது' என்பதைத்தான் நோயாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரகசியம் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், அதற்காகத்தானே கதையில் ரகசியம் வைக்கிறோம்! மை போடும்போது விளையாடுவது ஒரே ஒரு ஆள். அவனும் டி.எம்.மும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருக்க, மற்ற மூவரும் தேன்குழலைக் காலி செய்துகொண்டிருப்பார்கள். நாங்கள் விளையாடுவது ஒரு பழைய வீட்டு வளவில். ஒருநாள் காபி கொண்டுவந்த அந்த வீட்டு ஆச்சி, கொஞ்ச நேரம் தூணில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டு, "எம்புட்டு நேரமா எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கீக? உள்ள போகவே மாட்டீகளாப்பா?" என்றார்கள். நோயை அதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

ஆகவே ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளால் எடை போடுகிறேன். சும்மா இருக்கும் மூவரை அது விளையாட்டுக்குள் இழுக்கிறதா? அந்த ஸ்பெல்லை ஆசைப்பட்டு எடுத்தவனை மட்டம் தட்டாமல் இருக்கிறதா?

ஸ்பெல்லையே தூக்கிவிடுவது

முதல் நாளே சொல்லிவிட்டால் தப்பில்லை. ஒரே மாலையில் முடியும் துப்பறியும் கதைக்கு நானே சிபாரிசு செய்வேன். ஆனால் மாதக்கணக்காக விளையாடி ஒன்பதாம் லெவலுக்கு வந்தவனிடம் 'இது மட்டும் கிடையாது' என்றால், அவன் முகம் அன்று முழுக்கத் திரும்பாது. இரண்டாவது கேள்வியில் தோல்வி.

வில்லனைச் சுற்றிக் கதவடைப்பது

எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. விதிப்புத்தகத்திலேயே கருவிகள் இருக்கின்றன. நான்டிடெக்‌ஷன் ஸ்பெல் எட்டு மணி நேரம் காக்கும். ஒவ்வொரு தடவையும் 25 தங்கக் காசுக்கு வைரப் பொடி கரையும். நாள் முழுக்க மறைந்திருக்க வேண்டுமென்றால் 75 காசு. இதே வேலையைச் செய்யும் தாயத்தும் உண்டு, அதுவும் பெரிய அபூர்வப் பொருள் அல்ல. இடத்தை மறைக்க பிரைவேட் சாங்க்டம்: ஒரு பக்கம் நூறு அடி வரை உள்ள பரப்பை 24 மணி நேரம் மூடி வைக்கும். ஒரே இடத்தில் ஒரு வருஷம் தினமும் போட்டால் நிரந்தரமாகிவிடும்.

வில்லன் பணக்காரன் என்றால் இதைச் செய்யாமல் இருப்பதுதான் அதிசயம். ஆனாலும் எல்லா வில்லனும் எல்லா நேரமும் மூடியே இருந்தால், விசார்டிடம் நீங்கள் சொல்வது: உன் ஸ்பெல் செல்லாத காசு. தடை செய்வதைவிட இது மோசம், ஏனென்றால் தடை வெளிப்படையாகவாவது இருக்கிறது.

இதை அளவாகச் செய்யலாம். கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால் பின்கட்டு வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் திறந்து கிடக்க, பக்கத்தில் ஒரு அறை மட்டும் பூட்டியிருந்தால் வந்தவன் கண் அங்கேதான் நிற்கும். வில்லன் மாளிகையையும் அப்படி அமையுங்கள். எல்லாம் தெரியட்டும், ஒரே ஒரு அறைக்குள் அவன் நுழைந்ததும் கண்ணாடி மங்கட்டும். பார்வை தோற்ற இடமே விசார்டுக்குத் துப்பாகிவிடும். அந்த அறைக்குப் பூட்டுத் திறக்கிறவன் வேண்டும், சுவர் ஏறுகிறவன் வேண்டும். மற்றவர்களுக்கும் வேலை வந்துவிட்டது. முழுக் கதவடைப்புக்கு என் ஓட்டு இல்லை. ஒற்றை அறைக்கு உண்டு.

பொய்க் காட்சி

வில்லனுக்குத் தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று தெரியும், வேண்டுமென்றே நடிக்கிறான். மறைந்ததைப் பார்க்கும் திறன் உள்ளவன் கண்ணுக்கு ஸ்கிரையிங்கின் உளவுப்புள்ளி (விசார்ட் எதன் வழியாகப் பார்க்கிறானோ அது) கைமுட்டி அளவு ஒளி உருண்டையாகத் தெரியும் என்று விதியே சொல்கிறது, ஆகவே இது ஏமாற்று அல்ல. ஒரு கதையில் ஒரு தடவை செய்தால் அபாரமாக இருக்கும். இரண்டாவது தடவை செய்தால், டி.எம். வாயிலிருந்து வரும் எதையும் குழு நம்பாது; ஒரு காட்சியைச் சரிபார்க்க இன்னும் மூன்று காட்சி கேட்பார்கள். மை போடுவதைக் குறைக்க வந்த மருந்து அதைப் பெருக்கிவிடும்.

திருப்பி உளவு பார்ப்பது

'நீ பார்த்தால் நானும் பார்ப்பேன்.' நியாயம்தான். ஆனால் இது டி.எம்.முக்கும் ஒரு ஆட்டக்காரனுக்கும் நடக்கும் போட்டியாகச் சுருங்கிவிடும். என் ஆட்டத்தில் இதில் ஒரு துணுக்கை மட்டும் வைத்துக்கொண்டேன். கதைக்குள் ஒரு மலைக்கோயிலில் நாயகர்கள் எல்லாரும் முடிகாணிக்கை கொடுத்தார்கள். வேண்டுதல் நிறைவேறிய சந்தோஷத்தில், அந்த முடி எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பழனிக்கு நடந்தே போய் மொட்டை போட்டுக்கொண்டு வரும் ஊர்க்காரர்களுக்கே தோன்றவில்லை! முடிக்கு ஸ்கிரையிங்கில் என்ன மதிப்பு என்பதைக் கீழே பாருங்கள், வயிற்றில் புளி கரைவது புரியும்.

விதியை எழுத்துக்கு எழுத்து நடத்துவது

சப்பென்று தெரியும் இந்த வழிதான் பாதி வியாதியைத் தீர்க்கிறது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பை வைத்துச் சொல்கிறேன். ஒன்பதாம் லெவல் விசார்டுக்கு ஸ்கிரையிங்கைப் போடத் தேவையான ஐந்தாம் நிலை ஸ்லாட், அதாவது ஸ்பெல் போடும் வாய்ப்பு, ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. பத்தாம் லெவலில் இரண்டு. பதினேழு வரை அதே இரண்டுதான். ஸ்பெல்லைப் போடப் பத்து நிமிஷம், பார்க்க அதிகபட்சம் பத்து நிமிஷம், அதுவும் கவனம் சிதறாமல். இலக்கு வேறு உலகத்தில் இருக்கக் கூடாது. இலக்கு சேவிங் த்ரோவில் (ஸ்பெல்லிலிருந்து தப்ப இருபது முகப் பகடையை உருட்டுவது) ஜெயித்துவிட்டால் அடுத்த 24 மணி நேரம் அவனை அந்த விசார்ட் ஸ்கிரையிங்கால் தொட முடியாது. பல மேஜைகளில் இந்தக் கடைசி வரியை யாரும் படிப்பதே இல்லை.

அந்த சேவிங் த்ரோவில்தான் சுவாரசியமே. விசார்டின் புத்தி 18 என்றால் இலக்கு தொட வேண்டிய எண் 16. வில்லனுக்குப் பகடை எண்ணோடு கூட்டிக்கொள்ள +4 இருக்கிறது என்று வையுங்கள். அவனைப் பற்றி வெறும் கேள்விப்பட்டது மட்டும்தான் என்றால் அவனுக்கு இன்னொரு +5. பகடையில் 7 விழுந்தாலே தப்பிவிடுவான், அதாவது 70 சதவீதம். நேரில் சந்தித்திருந்தால் அந்த +5 கிடையாது. தப்பும் வாய்ப்பு 45-க்கு இறங்கும். அவன் உடுத்திய துணி கையில் இருந்தால் அவனுக்கு −4. முடியோ நகமோ இருந்தால் −10. நேரில் சந்தித்த ஆளின் முடியும் இருந்தால் அவன் பகடையில் 22 போட வேண்டும், இருபது முகப் பகடையில்!

இந்த எண்களைக் குழுவின் முன் வைத்ததும் பேச்சு மாறுகிறது. 'மை போடலாமா' என்று கேட்டவர்கள், 'அவன் நாசுவனை யாருக்குத் தெரியும்?', 'சலவைக்குப் போன துண்டைத் தூக்க முடியுமா?' என்று கேட்கிறார்கள். கைவரிசைக்காரனுக்கு ஒரு திருட்டு, பேச்சுக்காரனுக்கு ஒரு விருந்து, சண்டைக்காரனுக்குப் பின்வாசல் காவல். அரை மணி நேரத் தனி ஆவர்த்தனம் ஒரு முழு மாலைக் கச்சேரியாகிவிடுகிறது. இரண்டு கேள்விக்கும் இது தேறும்.

பழைய பதிப்புகளின் கதை வேறு. மூன்றாம் பதிப்புக் காலத்தில் ஸ்கிரையிங் விசார்டுக்கு நான்காம் நிலை, டெலிபோர்ட் ஐந்தாம் நிலை. ஒன்பதாம் லெவல் ஆள் இரண்டையும் சேர்த்து, பார்த்த கையோடு வில்லன் படுக்கையறைக்குள் குதித்துவிடுவான். 'ஸ்கிரை அண்ட் ஃப்ரை' என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு. ஐந்தாம் பதிப்பில் டெலிபோர்ட்டை ஏழாம் நிலைக்கு ஏற்றிவிட்டார்கள், பதின்மூன்றாம் லெவல் வரை அந்தப் பயம் இல்லை.

ரகசியத்தைப் பிரித்து வைப்பது

இந்த யோசனையை எனக்குக் கொடுத்தது ஊர்தான். ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் நகரத்தார் கிட்டங்கிகளில் ஒரே நீளக் கூடத்தில் பல கடைகளின் ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலாளி இங்கே, மேலாள் மூன்று வருஷக் கணக்கில் அங்கே, அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். தொழிலின் முழுப் படம் எந்த ஒருவர் தலையிலும் இல்லை. கடிதத்திலும் ஐந்தொகையிலும் பிரிந்து கிடந்தது. (ஒரு ஸ்கிரையிங் மட்டும் முதலாளி கையில் இருந்திருந்தால், ஐந்தொகை கப்பலில் வரும் வரை கொல்லையில் உலாத்திக்கொண்டிருக்க மாட்டார். கடல் தூரம் இந்த ஸ்பெல்லுக்கு ஒரு பொருட்டே அல்ல.)

வில்லன் கூட்டத்தையும் இப்படி அமைத்தேன். ஸ்கிரையிங் ஒரு நேரத்தில் ஒரு ஆளைத்தான் தொடரும், உளவுப்புள்ளி அவனை விட்டுப் பத்தடிக்கு மேல் விலகாது. மேலாளைப் பார்த்தால் அவன் ஒரு கடிதத்துக்கு முத்திரை வைக்கிறான். உள்ளே என்ன என்று தெரியாது. அடுத்தாளைப் பார்த்தால் அவன் மூட்டைகளை எண்ணுகிறான்; யாருக்கு என்று தெரியாது. பார்த்தது அத்தனையும் நிஜம், ஒன்றும் மறைக்கவில்லை. ஆனால் அதை வைத்து என்ன முடிவெடுப்பது என்று நாலு பேரும் சேர்ந்து மூளையைக் கசக்க வேண்டும். உளவு பார்த்தவன் தோற்கவில்லை, ஆட்டமும் முடிந்துபோகவில்லை. டி.எம்.முக்கு எழுத்து வேலை கூடும், அது ஒன்றுதான் குறை.

வில்லனை மற்றவர்கள் கையில் கொடுப்பது

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். விசார்ட் மை போட்டதும், சும்மா இருக்கும் மூவருக்கும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. ஒருத்தி வில்லன், ஒருத்தன் அவன் மேலாள், இன்னொருத்தன் விளக்கேற்ற வந்த வேலைக்காரன். சீட்டில் மூன்றே வரி: நீ யார், உனக்கு இப்போது என்ன வேண்டும், எதைச் சொல்லவே கூடாது. நேரம் நிஜக் கடிகாரத்தில் பத்து நிமிஷம். அவர்கள் நடிக்க, விசார்ட் குறிப்பெடுக்கிறான்.

சொல்லக் கூடாததைச் சொல்லாமல் சுற்றி வளைத்துப் பேசும்போது ஆட்டக்காரர்கள் டி.எம்.மைவிடக் கெட்டிக்காரர்களாகிவிடுகிறார்கள். எங்கள் குழுவில் வாயே திறக்காத ஒரு தம்பி, வில்லனின் வேலைக்காரனாக வந்து கூலி பாக்கியைக் கேட்டு ஒரு சண்டை போட்டான் பாருங்கள், அடுத்த வாரம் நாயகர்கள் நேராக அந்த வேலைக்காரனைத்தான் தேடிப் போய் விலைக்கு வாங்கினார்கள். நான் யோசித்தே இராத திருப்பம் அது.

'எங்களுக்கும் ரகசியம் தெரிந்துவிடுமே' என்பார்கள். எப்படியும் விசார்ட் திரும்பி வந்து ஒன்று விடாமல் சொல்லத்தானே போகிறான். குழுவில் ஒருவருக்கு நடிக்கக் கூச்சம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பகடை உருட்டும் வேலையைக் கொடுங்கள்.

என் மேஜையில் இப்போது நடப்பது: விதி எழுத்துப்படி, ரகசியம் பிரித்து, காட்சி வந்தால் சீட்டு. மாளிகைக்கு ஒரு மூடிய அறை. பொய்க் காட்சி இன்னும் கைவசம் இருக்கிறது, எப்போது என்று சொல்ல மாட்டேன், என் குழுவும் இதைப் படிக்கும்.

கிரிஸ்டல் பால் என்ற மந்திரப் பொருள் விஷயத்தில் மட்டும் கவனம் (முதலில் சொன்ன வெறும் பளிங்கு உருண்டை அல்ல இது). அதைக் கையில் வைத்திருப்பவனுக்கு ஸ்லாட் செலவே கிடையாது. இலக்கு தொட வேண்டிய எண்ணும் 17 என்று நிலையாக நிற்கும். மேலே சொன்ன கணக்கில் பாதி அதோடு போய்விடும். அதைப் புதையலில் வைத்துவிட்டு, இவர்கள் ஓயாமல் எட்டிப் பார்க்கிறார்கள் என்று குறைப்பட வேண்டாம்.