கதவைத் திறந்து வைத்த பிறகுதான் ஏசி ஒழுங்காக ஓடுகிறது

போன கிழமை தெஹிவளையிலிருந்து நண்பன் கேட்டான், "மச்சான், உன்ர ஏசி நாலு வருசமா ஓடுது, நானும் அதையே வாங்கட்டா?" என்று. ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

வெள்ளவத்தையில் 10க்கு 12 அடி படுக்கையறை, அதற்கு நான் மாட்டியிருப்பது 18,000 பிடியு (குளிரூட்டும் வலுவின் அளவு) இன்வெர்ட்டர். 9,000 தாராளமாகப் போதும். ஆனால் அன்றைக்குக் கடையில் விலையைக் குறைத்துப் போட்டிருந்தார்கள், "பெரிசா எடுங்கோ, அஞ்சு நிமிசத்தில குளிரும்" என்றார்கள், எடுத்தேன். சொன்னதில் பொய்யில்லை, ஐந்து நிமிடத்தில் குளிர்கிறது. வில்லங்கமே அதுதான்.

இன்வெர்ட்டர் என்றால் கொம்பிரசர் நிற்காமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டே ஓடும் என்றுதானே நினைப்போம். குறைக்கும், ஆனால் ஓர் எல்லை வரைதான். இரவில் அந்தச் சின்ன அறைக்கு வேண்டிய குளிர் அந்த எல்லைக்கும் கீழே போனால் அது நின்றே ஆக வேண்டும். நிற்கும், மூன்று நிமிடம் சும்மா கிடக்கும், பிறகு பல்கனியில் டிக் என்று ஒரு சத்தம், உறுமிக்கொண்டு எழும்பும், நாலு நிமிடத்தில் மறுபடி நிற்கும். ஒருநாள் தூக்கம் வராமல் எண்ணிப் பார்த்தேன், ஒரு மணித்தியாலத்தில் எட்டுத் தடவை.

சத்தத்தைக்கூடப் பொறுக்கலாம், புழுக்கத்தைத்தான் பொறுக்க முடியாது. கொம்பிரசர் நிற்க உள்ளே விசிறி மட்டும் சுற்றினால், கொயிலில், அதாவது காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில் இருந்து வழிந்து வெளியே போயிருக்க வேண்டிய தண்ணீர் திரும்ப ஆவியாகி அறைக்கே வந்துவிடுகிறது. ரிமோட்டில் 26 காட்டும், போர்வை பிசுபிசுக்கும். அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் வேறு.

கரண்ட் பில் 180 அலகைத் தாண்டி, கட்டணம் கூடிய மேல்படிக்குப் போய்விடுமே என்ற பயத்தில் மணிக்கொருதரம் நானே அமத்தி அமத்திப் போட்ட காலமும் உண்டு. மெஷின் பண்ணுகிற கிறுக்குத்தனத்தை நான் கையால் பண்ணியிருக்கிறேன்.

இந்த வருடம் வெளி யூனிட்டில் போர்ட் எரிந்தது (உள்ளே ஒரு பல்லி, பாவம்). திருத்த வந்த பாஸ் வேலையை முடித்துவிட்டு எதிரே நின்ற அலுமாரியைக் காட்டினார். குளிர்காற்று அதில் பட்டு நேரே மேலே திரும்பி, காற்று இழுக்கும் இடத்துச் சென்சரில் போய்ப் படுகிறது, அதுவும் அறை முழுக்கக் குளிர்ந்துவிட்டது என்று நம்பி நிறுத்துகிறது என்றார். நாலு வருடமாகக் கண்முன்னே நின்ற அலுமாரி! அன்றைக்கே நகர்த்தினோம். விசிறியையும் ஓட்டோவிலிருந்து குறைந்த வேகத்துக்கு மாற்றினேன்; காற்று குறைந்தால் கொயில் இன்னும் குளிர்ந்து, ஈரத்தைக் கூட இழுக்கும். பாதி வருத்தம் அதோடு தீர்ந்தது.

மீதியைத் தீர்த்தது கதவு. எங்கள் அறைக் கதவையும் பக்கத்து அம்மாவின் அறைக் கதவையும் திறந்து வைத்தால், பெரிய மெஷினுக்கு ஏற்ற வேலை கிடைக்கிறது, நிற்காமல் மெதுவாக ஓடுகிறது. இரண்டு அறையும் காய்ந்த குளிராக இருக்கிறது, பில்லும் பயந்த அளவுக்கு ஏறவில்லை. ஆனால் அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த ஏலாது. மூன்று மணிக்கு பாத்ரூம் போக எழும்பினால், வரும் வழியில் "குளிரெல்லாம் வெளியில போகுது தம்பி" என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போவார். கால் மணித்தியாலத்தில் டிக்.

இதையெல்லாம் நண்பனிடம் கொட்டி, இதை மட்டும் வாங்காதே, அறையை அளந்து சின்னதாக எடு என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கட ஹோல் பெரிசுதானே மச்சான், அப்ப உன்ரய எனக்குத் தா, நீ சின்னனா ஒண்டு போடு" என்றான். நியாயமான யோசனை. ஆனால் அதற்கு முதல்நாள் இரவு அம்மா எழும்பாமல் தூங்கியிருந்தார், நானும் விடியும்வரை புரண்டு படுக்கவில்லை. தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.