பட்டு டையா, மைக்ரோஃபைபரா? மதம் பார்த்து டை வாங்குவோருக்கு ஒரு மதிப்பீடு

டை வாங்கப் போனால் கடைக்காரர் நிறத்தைக் கேட்பார், விலையைச் சொல்வார். என்ன நூல் என்ற பேச்சே வராது. மார்க்கம், ஆசாரம் பார்க்கிற வீடுகளில் டையைப் பற்றி எழும் கேள்விகளில் பாதிக்கு மேல் நூலைப் பற்றியவைதான். அதனால் இங்கே பட்டு, மைக்ரோஃபைபர், கம்பளி, லினன் என்ற நான்கு வகையையும் தரத்தோடு சேர்த்து அந்தக் கண்ணாலும் பார்க்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: அழகுக்குப் பட்டு. எந்தச் சபையிலும் சங்கடம் வராமல் இருக்க மைக்ரோஃபைபர்.

முதலில் பட்டு. நல்ல பட்டு டை என்பது மூன்று துண்டாக வெட்டி இணைத்த துணி. துணியை 45 டிகிரி கோணத்தில், தையல்காரர்கள் சொல்வதுபோல் கிராஸில், வெட்டியிருப்பார்கள். அதனால்தான் முடிச்சுப் போடும்போது இழுபட்டு, அவிழ்த்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. உள்ளே கனமான உள்துணி ஒன்று இருக்கும். பின்பக்கம் ஒரே நீள நூலால் தளர்வாகத் தைத்திருப்பார்கள். நீளம் பொதுவாக 145 முதல் 150 செ.மீ., அகலம் 7.5 முதல் 9 செ.மீ. வாங்குமுன் ஒரு சோதனை: குறுகிய முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். நேராகத் தொங்கினால் வெட்டு சரி. முறுக்கிக்கொண்டு சுழன்றால் துணியை மிச்சம் பிடிக்கக் கோணம் மாற்றி வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த டை கட்டினாலும் மார்பில் கோணிக்கொண்டே நிற்கும்.

இஸ்லாமியர் வீட்டில் இந்தப் பட்டு டைக்கு நேரடித் தடை இருக்கிறது. ஆண்களுக்குப் பட்டும் தங்கமும் ஹராம், அதாவது விலக்கப்பட்டவை, என்பது பிரபலமான ஹதீஸ் (நபிமொழி). நான்கு விரல் அகலம் வரை பட்டுக்குச் சலுகை உண்டே, டையும் ஏறத்தாழ அந்த அகலம்தானே என்று சிலர் கேட்பதுண்டு. அந்தச் சலுகை ஆடையின் கரைக்கும் ஒட்டுத் துணிக்கும் உரியது. முழுக்கப் பட்டால் ஆன தனி உருப்படிக்கு அதை நீட்டுவதைப் பெரும்பாலான ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) ஏற்பதில்லை.

கலப்புப் பட்டில்தான் குழப்பம் அதிகம். ஷாஃபி மத்ஹபில் (மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்டப் பிரிவு) எடை பார்ப்பார்கள்: பட்டின் எடை மற்ற நூலைவிட மிகக் கூடாது. ஹனஃபியில் நெசவு பார்ப்பார்கள்: பாவு (நீளவாட்டு இழை) பட்டாக இருந்து ஊடை (குறுக்கு இழை) வேறு நூலாக இருந்தால் அனுமதி, ஊடையே பட்டு என்றால் இல்லை. காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி, ராவுத்தர்கள் ஹனஃபி. ஆகவே ஒரே டை ஒரு வீட்டில் கூடும், சம்பந்தி வீட்டில் கூடாது! லேபிளில் '60% பட்டு' என்று போட்டிருந்தால் ஷாஃபிக்காரருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். ஹனஃபிக்காரருக்கு அந்த எண் உதவாது. துணி கிராஸில் வெட்டப்பட்டதால் ஓரக்கரையும் மிஞ்சியிருக்காது, எது பாவு எது ஊடை என்று கடையில் நின்று கண்டுபிடிப்பது கஷ்டம். அப்படிப்பட்ட கலப்பை விட்டுவிடுவதே நல்லது.

நம் ஊர்க் கடைகளில் 'சில்க் டை' என்று சொல்லி விற்பதில் பெரும்பகுதி பட்டே இல்லை என்பது இங்கே வசதியாகிப்போகிறது. 'ஆர்ட் சில்க்' என்றால் செயற்கைப் பட்டு, அதாவது விஸ்கோஸோ பாலியெஸ்டரோதான். பட்டுப்புழுவோடு அதற்குத் தொடர்பில்லை, தடையும் இல்லை. நிஜப் பட்டா என்று உறுதி செய்யச் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா பாருங்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004 முதல் வழங்கப்படுவது அது. முத்திரை இல்லாவிட்டால் வீட்டில் எரித்துப் பார்க்கலாம். டையின் பின்பக்க மடிப்பை விலக்கி, உள்ளே மடங்கியிருக்கும் துணி ஓரத்திலிருந்து ஓரிரு இழையை உருவுங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். விஸ்கோஸ் காகிதம்போல் எரியும். பலர் இங்கே செய்யும் பிழை, பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் தையல் நூலை இழுத்து எரிப்பது. அது வேறு நூலாக இருக்கக்கூடும், முடிவு தப்பாகும். போதாக்குறைக்கு, டை முழுவதையும் பிடித்து நிறுத்தும் நூலே அதுதான். இழுத்தால் டை சுருங்கிப் போகும்.

சமணர்களில் பலரும் பட்டைத் தவிர்ப்பார்கள். காரணம் வேறு: கூட்டுக்குள் இருக்கும் புழுவைக் கொன்றுதான் நூலெடுக்கிறார்கள். காஞ்சிப் பெரியவரும் இதே காரணத்தைச் சொல்லிப் பட்டை விடச் சொன்னவர். அந்துப்பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூற்கும் அகிம்சைப் பட்டில் டை கிடைக்கிறது. பளபளப்பு குறைவு, கொஞ்சம் சொரசொரப்பு. முடிச்சு நன்றாகப் பிடிக்கும் என்பதால் தரத்தில் அதற்குக் குறைவான மதிப்பெண் தர மனமில்லை.

கம்பளி, லினன் டைகளில், கம்பளி சென்னை வெயிலுக்குத் தேவையில்லாதது. வெளிநாட்டில் இருப்போரும், அங்கே பரிசாகக் கொடுக்க வாங்குவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பளியும் லினனும் ஒரே உடையில் சேரக்கூடாது என்பது லேவியராகமம் 19:19, உபாகமம் 22:11 ஆகியவற்றில் உள்ள கட்டளை. ஆசாரமான யூதர்கள் இந்தக் கலப்பை ஷாட்னெஸ் என்று சொல்லி இன்றும் தவிர்க்கிறார்கள். டையில் ஆபத்து வெளியே தெரியாது. மேல்துணி லினனாக இருக்கும், லேபிளும் '100% லினன்' என்றே சொல்லும், உள்துணியில் கம்பளி இருக்கும். லேபிள் பெரும்பாலும் மேல்துணியை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. இதற்கென்றே உடையைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் பரிசோதகர்கள் யூதர்கள் மிகுந்த நகரங்களில் இருக்கிறார்கள். யூத நண்பருக்கு லினன் டை பரிசளிக்காதீர்கள், அவ்வளவுதான். பட்டு மேல்துணிக்குள் கம்பளி உள்துணி மட்டும் இருந்தால் அவர்களுக்குச் சிக்கல் இல்லை.

இனி மைக்ரோஃபைபர். இது மெல்லிய பாலியெஸ்டர் இழை. ஏறத்தாழ 300 முதல் 600 ரூபாய்க்குள் உருப்படியானது கிடைத்துவிடும். புழு இல்லை, விலங்கு ரோமம் இல்லை. உள்துணியும் பாலியெஸ்டர்தானா என்று மட்டும் கேட்டுக்கொண்டால் மேலே சொன்ன எந்த விதியிலும் மாட்டாது. தண்ணீர் தெளித்தால் பட்டில் வட்டக் கறை விழும், இதில் விழாது. குறைகளும் உண்டு. இழை வழுக்குவதால் மதியத்துக்குள் முடிச்சு இறங்கிவிடும். வழவழப்பான சட்டின் நெசவில் வாங்கினால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்கும், மட்டமான டை என்று தூரத்திலேயே தெரியும். சாய்வரி தெரியும் ட்வில் நெசவில், மங்கலான நிறத்தில் வாங்குங்கள். சூடான இஸ்திரியை நேராக வைத்தால் பளபளவென்று தழும்பு விழும், பிறகு போகாது.

முடிச்சு இறங்குவதற்கு மருந்து அரை வின்ட்ஸர் என்ற முடிச்சு. அகல முனை வலப்பக்கம், குறுகிய முனையைவிட ஏறத்தாழ 30 செ.மீ. கீழே தொங்கட்டும். அகல முனையைக் குறுகியதன் மேல் இடப்பக்கம் போட்டு, பின்னால் சுற்றி வலப்பக்கம் கொண்டுவாருங்கள். மேலே தூக்கி, கழுத்து வளையத்துக்குள் விட்டு இடப்பக்கம் இறக்குங்கள். முன்னால் இடமிருந்து வலமாக ஒரு சுற்று, பிறகு கீழிருந்து வளையத்துக்குள் மேலே ஏற்றி, இப்போது போட்ட சுற்றுக்குள் நுழைத்து இறுக்குங்கள். நுனி பெல்ட் கொக்கியைத் தொட்டால் அளவு சரி. இந்த முடிச்சு நீளத்தைக் கூடுதலாக விழுங்கும் என்பதால் ஐந்தரை அடி உயரக்காரர்களுக்கு 150 செ.மீ. டையும் பொருந்திவிடும். தொழும்போது குனியும் ருகூவில் டை முன்னால் ஆடும், நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவில் நெற்றிக்கடியில் போகும். சட்டையின் மூன்றாம் நான்காம் பொத்தானுக்கு நடுவே நுனியைச் செருகிவிட்டால் தீர்ந்தது.

டை என்றாலே சிலுவையின் வடிவம், ஆகவே கூடாது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இதற்கு வரலாற்றில் பிடிமானம் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் குரோவேஷியப் படைவீரர்கள் கழுத்தில் கட்டியிருந்த துணியிலிருந்து பிரான்சில் பரவியது இது. இன்றைய மூன்று துண்டு வடிவம் 1920களில் நியூயார்க்கில் வந்தது. தேவாலயத்துக்கு இதில் பங்கு கிடையாது. பிறரைப் போல வேடம் போடுவது கூடாது என்ற வாதம் இதைவிட வலுவானது. ஆனால் துருக்கி, பாகிஸ்தான், மலேசியா என்று எல்லா இடத்திலும் முஸ்லிம்கள் சாதாரணமாகக் கட்டும்போது அதை ஒரு மதத்தாரின் அடையாளம் என்று சொல்வது எடுபடவில்லை.

நூலை மாற்றித் தீராத இடங்களும் உண்டு. ஈரானில் 1979 புரட்சிக்குப் பிறகு டை மேற்கத்திய மோகத்தின் சின்னமானது. அரசுப் பொறுப்பில் இருப்பவர்கள் இன்றும் கட்டுவதில்லை, கல்யாண மாப்பிள்ளைகள் கட்டுகிறார்கள். அங்கே வேலையாகப் போகிறவர் டையைப் பெட்டியிலேயே வைத்திருக்கலாம், யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள். நியூசிலாந்தில் 2021 பிப்ரவரியில் பூர்வகுடி மாவோரி இனத்து எம்.பி. ராவிரி வைட்டிட்டி, டைக்குப் பதில் தம் இனத்தின் பச்சைக்கல் பதக்கத்தை அணிந்து வந்ததற்காக அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவருக்கு அது காலனிக்காரன் போட்ட சுருக்குக் கயிறு. சில நாளிலேயே டை கட்டாயம் என்ற விதி போயிற்று. நம் ஊர்த் தெருமுனையில் நீலக் கோட்டும் டையுமாக நிற்கும் அம்பேத்கர் சிலையைப் பார்ப்பவருக்கு அதே டை தலைநிமிர்வு. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவின் கூட்டங்களில் ஆண்களுக்கு எழுதாத விதியாக இருந்த டை, 2024இல் அவரவர் விருப்பம் என்றாகிவிட்டது.

வழக்கறிஞர்களுக்கு ஒரு குறிப்பு. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம், மாவட்ட, செஷன்ஸ், நகர சிவில் நீதிமன்றங்களில் கழுத்தில் கட்டும் வெள்ளை 'பேண்ட்'தான். அவை தவிர்த்த கீழ் நீதிமன்றங்களில் அதற்குப் பதிலாகக் கறுப்பு டை கட்ட பார் கவுன்சில் விதி இடம் தருகிறது. வேர்வையில் ஊறும் அந்த வேலைக்குப் பட்டு வீண். ட்வில் நெசவில், கோடு பூ எதுவும் இல்லாத கறுப்பு மைக்ரோஃபைபர் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிக் கட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முடிச்சை முழுக்க அவிழ்த்துத் தொங்கவிடுங்கள், முடிச்சோடு ஆணியில் மாட்டும் டை கழுத்துப் பகுதியில்தான் முதலில் நைந்துபோகும்.