பாலாறா, காவிரியா? வேலூர்க் குடத்துக்கு எது?

வேலூரில் குடிதண்ணீருக்கு இரண்டு வழி: ஊரை ஒட்டி ஓடும் (ஓட வேண்டிய) பாலாறு, மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரி.

பாலாற்றில் மேலே தண்ணீர் தெரியாவிட்டாலும் மணலுக்கு அடியில் இருக்கும். படுகையில் கிணறு போட்டு மோட்டாரில் இறைத்தால் ஆச்சு, செலவும் குறைவு. ஆனால் அந்த மணலையே லாரி லாரியாக அள்ளிவிட்டார்கள். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் ஆலைக் கழிவு வேறு. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த வட்டாரத்து வழக்கில்தான். உப்பேறிய கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், பருப்பு வேகவே வேகாது.

ருசியில் காவிரிதான். ஆனால் தூரத்துத் தண்ணீர். வழியில் குழாய் உடைந்தாலோ கரண்ட் போனாலோ இங்கே குடம் காலி.

சரி, தகராறு எதில் குறைவு? இரண்டிலும் குறைவில்லை. காவிரிக்காவது 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் கர்நாடகா தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது, கேட்க ஆணையமும் இருக்கிறது. பாலாற்றுக்குக் கையில் இருப்பது அந்தக் காலத்து மெட்ராஸ், மைசூர் அரசுகள் போட்ட 1892 ஒப்பந்தம். 2016-ல் ஆந்திரா புல்லூர் தடுப்பணையை உயர்த்தியபோது மறுபடி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

இன்றைக்குக் குடிக்க என் ஓட்டு காவிரிக்கு. ஆனால் இனிமேல் போடும் பணம் பாலாற்றுக்குப் போகட்டும். 2021 நவம்பரில் கரைபுரண்டு வந்த வெள்ளத்தைத் தேக்க நம்மிடம் போதுமான தடுப்பணை இல்லை. ஏரிக் கால்வாய்களும் தூர்ந்து கிடந்தன.