சிபிலில் தப்பு இருந்தால் யார் வாசலில் போய் நிற்பது?

வீட்டுக் கடனுக்கு மனு கொடுத்து ஒரு வாரம் கழித்து வங்கி மேலாளர் கூப்பிட்டார். கணினித் திரையில் என் சிபில் அறிக்கையை (வாங்கிய கடன், கட்டிய தவணை எல்லாம் பதிவாகியிருக்கும் அறிக்கை) திறந்து என் பக்கம் திருப்பி, "சம்பளம், பத்திரம் எல்லாம் சரியா இருக்கு சார். ஆனா ஒரு ரைட் ஆஃப் காட்டுதே?" என்றார். 2016-ல் மூடிய கிரெடிட் கார்டு அது. நிலுவை 1,843 ரூபாய். அந்த கார்டைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் குப்பையில் போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூடிய பிறகு ஆண்டுக் கட்டணம் ஒன்று விழுந்திருக்கிறது. அது வட்டி, தாமதக் கட்டணம் என்று குட்டி போட்டு, கடைசியில் வாராக்கடன் என்று எழுதித் தள்ளிவிட்டார்கள், அதுதான் ரைட் ஆஃப். நான் வீடு மாறியிருந்தேன், ஒரு கடிதமும் வந்து சேரவில்லை.

சரி, மற்றதையும் பார்த்துவிடுவோம் என்று சிபில் போலவே கடன் அறிக்கை தரும் மீதி மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளையும் இறக்கினேன். அவற்றில் ஒன்றில் என் பெயரில் டிராக்டர் கடன் ஓடிக்கொண்டிருந்தது. நான் டிராக்டரில் உட்கார்ந்து போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை.

இரண்டுமே தப்புதான். ஆனால் ஒன்றைச் சரிசெய்த வழி இன்னொன்றுக்கு உதவவில்லை. எந்தத் தப்புக்கு எந்த வாசல் என்று தெரியாமல் இரண்டு மாதம் அலைந்தேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதுதான் இந்த ஒப்பீடு.

பார்ப்பது எங்கே: செயலியிலா, நிறுவனத்தின் தளத்திலா?

போட்டோகாபிக்கு ஜெராக்ஸ் என்பதுபோல, கடன் அறிக்கைக்கு நம் ஊரில் சிபில் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. 2000-ல் தொடங்கியதால் அதற்கு அந்த மரியாதை. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இயங்குகின்றன. நான்கும் நம் கடன் ஒழுங்குக்கு 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகின்றன. வங்கிக்காரர்கள் இவற்றைப் 'பீரோ' என்பார்கள். நம் வீட்டுப் பீரோவில் நாம் வைத்ததுதான் இருக்கும். இந்தப் பீரோவில் அடுத்தவர் வைத்ததெல்லாம் இருக்கும்.

கடன் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் நான்கிலும் உறுப்பினராக இருந்து நான்குக்கும் தகவல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2015-லேயே சொல்லிவிட்டது. அப்படியென்றால் நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே? இருப்பதில்லை. வரும் தகவலை 'இது இந்த ஆளுடையது' என்று பொருத்துவது ஒவ்வொரு பீரோவும் தனித்தனியாகச் செய்யும் வேலை. ஒன்றில் சுத்தமாக இருக்கும் ஆள் இன்னொன்றில் கடன்காரராக நிற்பது இதனால்தான்.

செயலிகள் வசதியானவை, மறுக்கவில்லை. பான் எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்தால் அரை நிமிடத்தில் மதிப்பெண் வந்துவிடும், அதுவும் மாதாமாதம், இலவசமாக. அதற்கான விலையை நம் போன் கொடுக்கும். அடுத்த பத்து நாளைக்கு "உங்களுக்கு ஐந்து லட்சம் தயாரா இருக்கு சார்" என்று அழைப்பு மேல் அழைப்பு வரும். அது போகட்டும். பெரும்பாலான செயலிகள் ஒரு பீரோவின் தகவலை, மிஞ்சினால் இரண்டின் தகவலைத்தான் காட்டுகின்றன, அதுவும் சுருக்கி. நான் வைத்திருந்த செயலி எனக்கு 'அருமை' என்று பச்சை விளக்கு எரித்துக்கொண்டிருந்தது. அது பார்த்த பீரோவில் அந்த கார்டும் இல்லை, டிராக்டரும் இல்லை.

நிறுவனத்தின் தளத்துக்கே போனால் முழு அறிக்கை கிடைக்கும். 2017 முதல் ஒவ்வொரு பீரோவும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை மதிப்பெண்ணோடு இலவசமாகத் தர வேண்டும். நான்கிலும் சேர்த்து ஆண்டுக்கு நான்கு. சந்தா திட்டங்கள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் முன்னால் நிற்கும். இலவசத்துக்கான இணைப்பைப் பொறுமையாகத் தேடி அழுத்துங்கள். அறிக்கையின் தலையில் ஓர் எண் இருக்கும், சிபிலில் அதற்குக் கண்ட்ரோல் நம்பர் என்று பெயர். முறையீடு போடும்போது அதைத்தான் கேட்பார்கள். நம் அறிக்கையை நாமே பார்த்தால் மதிப்பெண் குறையும் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. கடனுக்கு மனு போட்டு வங்கி பார்க்கும்போதுதான் அது விசாரணையாகப் பதிவாகி மதிப்பெண்ணைத் தொடும்.

என் தேர்வு இப்படி: மாதாமாதம் எட்டிப்பார்க்கச் செயலி போதும். கடனுக்கு மனு போடப்போகிறீர்கள் என்றால் மூன்று மாதம் முன்பே நான்கு தளங்களிலும் இறக்கிவிடுங்கள். வீட்டில் யாராவது குழுக் கடன் வாங்கியிருந்தால் கிரிஃப் ஹைமார்க்கையும் ஈக்விஃபாக்ஸையும் தவறாமல் பாருங்கள். நுண்கடன் தகவலில் அவை இரண்டும் ஆரம்பத்திலிருந்தே கவனம் வைத்தவை.

அறிக்கையில் மதிப்பெண்ணை விட்டுவிட்டு முதலில் மாதக் கட்டங்களைப் பாருங்கள். ஒவ்வொரு கடனுக்கும் மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். 000 என்றால் தவணை ஒழுங்காகக் கட்டியாயிற்று. 030 என்றால் முப்பது நாள் தாமதம். மூன்று எக்ஸ் இருந்தால் அந்த மாதம் வங்கி தகவல் அனுப்பவில்லை என்றுதான் பொருள். என் மச்சான் அந்த எக்ஸ்களைப் பார்த்துவிட்டுக் கடனே ரத்தாகிவிட்டது என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அப்புறம் பெயர். இனிஷியல் நம் ஊருக்கே உரிய தொல்லை. பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்து முன்னால் வரும், ஆதாரில் ஒற்றை எழுத்து பின்னால் நிற்கும், வங்கிப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் யாரோ எதையோ நிரப்பியிருப்பார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம்.

முறையிடுவது எங்கே: பீரோவிடமா, வங்கியிடமா?

2005-ம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி இரண்டு பேரிடமும் முறையிடலாம். 30 நாளில் தீர்க்க வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் இந்தக் கெடுவுக்குப் பல் முளைத்திருக்கிறது. 30 நாள் தாண்டினால் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் நமக்கு 100 ரூபாய் இழப்பீடு. அந்த முப்பதில் 21 நாள் வங்கிக்கு, மீதி பீரோவுக்கு. வங்கி இழுத்தடித்தால் வங்கி கொடுக்கும். வங்கி நேரத்தில் அனுப்பியும் பீரோ தூங்கினால் பீரோ கொடுக்கும். மதிப்பெண் ஏன் குறைவு என்ற சண்டைக்கு மட்டும் இது கிடையாது.

விதி இரண்டு வாசலுக்கும் ஒன்றுதான். நடப்பு வேறு.

கார்டு விஷயத்தை முதலில் பீரோவின் தளத்தில் போட்டேன். சுலபமான வேலை: கணக்கைத் தேர்ந்தெடுத்து, 'நிலுவை தவறு' என்பதை அழுத்தி, அனுப்பு. இருபத்து நான்காம் நாள் பதில் வந்தது. கடன் கொடுத்த நிறுவனம் தன் தகவல் சரியென்று உறுதி செய்துவிட்டதாம், முறையீடு முடிக்கப்பட்டதாம். கோபம் வந்தது, ஆனால் யோசித்தால் இதில் வியப்பில்லை. வங்கி அனுப்பிய எண்ணைப் பீரோ தானாக மாற்றாது. நம் கேள்வியை வங்கிக்கு அனுப்பும். அங்கே ஒருவர் கணக்கைத் திறந்து பார்ப்பார். கணக்கில் 1,843 என்று இருக்கிறது. 'சரி' என்று திருப்பி அனுப்பிவிடுவார். கணக்கே தப்பு என்று அவருக்கு யார் சொல்வது?

பிறகு வங்கியிடமே போனேன். கிளையில் சொல்லிப் பயனில்லை. கார்டு பிரிவு வேறு ஊரில் இருக்கிறது என்றார்கள். வங்கியின் தளத்தில் கடன் தகவல் புகார்களுக்கான பொறுப்பு அதிகாரியின் மின்னஞ்சல் இருந்தது. பழைய அஞ்சல்களைத் துழாவி, கார்டு மூடப்பட்டதாக 2016-ல் அவர்களே அனுப்பிய அஞ்சலை எடுத்தேன். நான்கு வரிதான் எழுதினேன்: "இந்த எண் கொண்ட கார்டு முழுத் தொகையும் செலுத்தி மூடப்பட்டது, உங்கள் உறுதி அஞ்சல் இணைப்பில் உள்ளது. அதன் பிறகு விதித்த கட்டணங்களை ரத்து செய்யவும். வாராக்கடன் குறிப்பை நீக்கி, நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் திருத்தம் அனுப்பவும். அனுப்பியதை எழுத்தில் உறுதி செய்யவும்." பதினேழாம் நாள் பதில் வந்தது. கட்டணம் ரத்து, குறிப்பு நீக்கம். 'நான்கு நிறுவனங்களுக்கும்' என்ற அந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள்.

நடுவில் ஒரு வசூல்காரர் எங்கிருந்தோ என் எண்ணைப் பிடித்து, "சின்னத் தொகைதானே சார், ஆயிரத்தைக் கட்டிடுங்க, செட்டில் பண்ணித் தர்றேன்" என்றார். இங்கேதான் பலர் வழுக்குவார்கள். குறைத்துக் கட்டினால் அறிக்கையில் கடன் 'மூடப்பட்டது' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அடுத்த வங்கிக்கு அது 'இவர் முழுதாகக் கட்டவில்லை' என்று படும். தப்பாக இருந்த தகவலை நாமே உண்மையாக்கிக் கொடுத்தது போல ஆகிவிடும், அதன் பிறகு முறையிட்டு ஜெயிப்பது கடினம். பத்திரப் பதிவு தேதி கழுத்தை நெரிக்கிறது, வேறு வழியே இல்லை என்றால் முழுத் தொகையையும் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றை வாங்கிக்கொண்டு, கட்டிய பணத்துக்காகப் பிறகு சண்டை போடுங்கள்.

டிராக்டர் கதை நேர் எதிர். கார்டில் பட்ட சூட்டில், இந்த முறை கடன் கொடுத்த நிறுவனத்தையே முதலில் கூப்பிட்டேன். "உங்க கஸ்டமர் ஐடி சொல்லுங்க சார்." நான் உங்கள் வாடிக்கையாளரே இல்லை என்றேன். "அப்போ கம்ப்ளெயின்ட் ஓபன் ஆகாது சார்." வாடிக்கையாளராக இல்லாததுதான் என் புகார் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

பீரோவின் தளத்தில் 'இந்தக் கணக்கு என்னுடையது அல்ல' என்று போட்டு, பான் அட்டை நகலை இணைத்தேன். இரண்டு வாரத்தில் போய்விட்டது. நடந்தது இதுதான்: டிராக்டர்காரருக்கும் எனக்கும் பெயர் ஒன்று, அப்பா பெயர் ஒன்று, மாவட்டம் ஒன்று. என் பிறந்த தேதி நான்காம் தேதி ஏழாம் மாதம், அவருடையது ஏழாம் தேதி நான்காம் மாதம். அவர் கணக்கில் பான் எண் இல்லை. கடன் கொடுத்தவர் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார், பொருத்தியவர் சறுக்கியிருக்கிறார்.

ஆக, கணக்கு உங்களுடையது, அதில் உள்ள எண்ணோ குறிப்போ தப்பு என்றால் வங்கி. கணக்கே உங்களுடையது இல்லையென்றால் பீரோ. ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பான் எண்ணைத் திருடி யாராவது கடன் வாங்கியிருந்தால் அது ஆள் மாறிய குழப்பம் இல்லை, மோசடி. அப்போது இரண்டு வாசலையும் ஒரே நாளில் தட்டுங்கள், சைபர் குற்றப் பிரிவில் கொடுத்த புகாரின் நகலோடு.

கம்பத்தில் ஒட்டிய விளம்பரமும் ஆம்புட்ஸ்மேனும்

'சிபில் ஸ்கோர் சரிசெய்து தரப்படும்' என்ற நோட்டீஸை நீங்களும் மின்கம்பத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் எரிச்சலில் கூப்பிட்டும் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் கேட்டார், பாதி முன்பணம். என்ன செய்வீர்கள் என்று குடைந்தால், பான் எண்ணும் ஓ.டி.பி.யும் வாங்கிக்கொண்டு, நான் ஏற்கெனவே நிரப்பிய அதே இலவசப் படிவத்தைத்தான் அவரும் நிரப்பப்போகிறார் என்று தெரிந்தது. உண்மையிலேயே தவணை தவறியிருந்தால் அதை அழிக்க அவராலும் முடியாது, யாராலும் முடியாது. ஓ.டி.பி.யை வாங்கிக்கொண்டு அவர் வேறென்ன செய்வார் என்பது தனிக் கவலை.

அதே எரிச்சலை ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் காட்டினால் காசு செலவில்லை, வக்கீல் வேண்டாம். 2022 செப்டம்பர் முதல் பீரோக்களும் அந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. முதலில் வங்கியிடமோ பீரோவிடமோ எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். தளத்தில் புகார் போடலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போது இங்கே வர முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் திருத்தம் வேண்டுமென்றால் ஆம்புட்ஸ்மேனே போதும் என்பேன். 2023-ல் ரிசர்வ் வங்கி நான்கு பீரோக்களுக்கும் தலா 24 லட்சத்துக்கு மேல் அபராதம் போட்டிருக்கிறது. தகவல் திருத்தத்தில் காட்டிய மெத்தனமும் அதற்கான காரணங்களில் உண்டு.

எனக்கு அந்த வாசல் தேவைப்படவில்லை. 2025-ல் வங்கிகள் மாதம் இரண்டு முறை தகவல் அனுப்பத் தொடங்கியதால், திருத்தம் அறிக்கையில் ஏற முன்புபோல ஒரு மாதம் காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை. மேலாளர் மறுபடி என் அறிக்கையை எடுத்தார். எடுத்த விவரம் குறுஞ்செய்தியாக என் போனுக்கும் வந்தது. கடன் கிடைத்துவிட்டது.

அந்த டிராக்டர்காரர் மட்டும் மனசில் நிற்கிறார். அவர் தவணை ஒன்றுகூடத் தவறவில்லை, எல்லாக் கட்டமும் 000. என் வீட்டுக் கடன் அவர் அறிக்கையில் போய் உட்கார்ந்திருக்குமோ என்று அவ்வப்போது தோன்றுகிறது.