ஆர் மென்பொருளின் ப்ராப்.டெஸ்ட்: கொள்கை ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு விமர்சனம்

திட்டம் வேலை செய்ததா, ஒரு சமூகத்தாரை ஒதுக்கினார்களா, தடுப்பூசி பலன் தந்ததா என்று எந்தக் கொள்கைக் கேள்வியை எடுத்தாலும் பாதிக்குப் பாதி கடைசியில் இரண்டு சதவீதங்களை ஒப்பிடுவதில்தான் வந்து நிற்கிறது. அதற்கு நான் வழக்கமாக எடுப்பது ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளோடு கூடவே வரும் ப்ராப்.டெஸ்ட் (prop.test) என்ற கட்டளை. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், காசு கிடையாது, ஒரே வரி. 5-க்கு 4 கொடுப்பேன்.

ஒரு கருவி எப்படி என்று பார்க்க, விடை ஏற்கெனவே தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்ப்பது என் பழக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1977 காஸ்டனேடா எதிர் பார்ட்டிடா வழக்கு அதற்கு அருமையாகப் பொருந்தும். டெக்சாஸ் மாநிலத்தின் ஹிடால்கோ கவுண்டியில் மக்கள்தொகையில் 79.1 சதவீதம் மெக்சிகோ வம்சாவளியினர். ஆனால் 11 ஆண்டுகளில் கிராண்ட் ஜூரிக்கு (ஒருவர் மேல் வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவுக்கு) அழைக்கப்பட்ட 870 பேரில் அவர்கள் 339 பேர்தான். பாரபட்சமில்லாமல் எடுத்திருந்தால் சுமார் 688 பேர் வந்திருக்க வேண்டும். திட்ட விலக்கம் (தற்செயலாக எண்ணிக்கை வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்கும் என்ற அளவு) ஏறக்குறைய 12, ஆக இடைவெளி 29 திட்ட விலக்கங்கள். இரண்டு மூன்றைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும் என்று தீர்ப்பின் அடிக்குறிப்பே சொல்கிறது.

339, 870, 0.791 என்ற மூன்று எண்களையும் கொடுத்தால் ப்ராப்.டெஸ்ட் சட்டென்று விடையைத் தருகிறது. பி-மதிப்பை (பாரபட்சமே இல்லாமல், தற்செயலாக மட்டும் இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பை) மட்டும் முழுசாகக் காட்டாது. புள்ளிக்குப் பின் 15 பூச்சியம், அப்புறம் 22, அதைவிடச் சிறியது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும், அதுவே ஏராளம். எனக்குப் பிடித்தது கூடவே வரும் நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மைச் சதவீதம் இருக்கக்கூடிய எல்லை: சுமார் 36 முதல் 42 சதவீதம். இதில் பாடப்புத்தகத்துப் பழைய சூத்திரம் இல்லை, வில்சன் முறை இருக்கிறது, சின்ன மாதிரிகளிலும் அது அபத்தமான விடை தருவதில்லை.

இதே கணக்கை பைத்தான் மொழியின் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் என்ற புள்ளியியல் தொகுப்பில் போட்டால் 29 வராது, 24 சொச்சம் வரும். தப்பு என்று சொல்ல முடியாது, அது இன்மைக் கருதுகோளின் (பாரபட்சம் இல்லை என்ற அனுமானத்தின்) 79.1-ஐ விட்டுவிட்டு மாதிரியில் கிடைத்த 39 சதவீதத்தை வைத்துப் பிழையைக் கணக்கிடுகிறது. மாற்ற ஒரு அமைப்பு இருக்கிறது, ஆனால் அதை யார் தேடிப் போவது? இந்த இடத்தில் ஆர் தேவலை.

ஆனால் ஆரின் இயல்பு அமைப்பிலும் ஒரு வம்பு உண்டு. யேட்ஸ் திருத்தம் (வித்தியாசத்தைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் ஒரு சரிக்கட்டல்) தானாகவே போடப்பட்டிருக்கும். காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டு வருகிறவர்கள் விடை ஒத்துப்போகவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். போதாக்குறைக்கு விடை இசட் மதிப்பாக (வித்தியாசம் எத்தனை திட்ட விலக்கம் என்ற எண்ணாக) வராது, அதன் வர்க்கமான கை-வர்க்கமாகத்தான் வரும், வர்க்கமூலம் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, கருவி சொல்லாத விஷயத்துக்கு வருவோம். அந்த 79.1 யாருடைய சதவீதம்? மாறுபட்ட தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கர் கேட்டது ஏறக்குறைய இதைத்தான்: மொத்த மக்கள்தொகை எதற்கு, ஜூரியாக இருக்கத் தகுதி உள்ளவர்களை அல்லவா எண்ண வேண்டும்? நியாயமான கேள்வி. நான் 65 என்று குறைத்துப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் 16 திட்ட விலக்கங்கள் வருகின்றன. வழக்கின் சண்டை முழுக்க அந்த மூன்றாவது எண்ணில்தான் இருக்கிறது, மென்பொருளுக்கு அது வெறும் ஒரு இலக்கம்.

இரண்டு குழு ஒப்பீட்டுக்கு 1954 சால்க் போலியோ தடுப்பூசிச் சோதனையைப் போட்டேன். தடுப்பூசி போட்ட 2,00,745 குழந்தைகளில் 57 பேருக்குப் போலியோ, போலி ஊசி போட்ட 2,01,229 பேரில் 142 பேருக்கு. இசட் 6-ஐத் தொடுகிறது, கேள்விக்கே இடமில்லை. ஆனால் திரையில் வருவது 0.00028, 0.00071 என்ற மாதிரி. அமைச்சர் மேசைக்குப் போகும் குறிப்பில் இதை அப்படியே வைத்தால் யாருக்குப் புரியும்? லட்சத்துக்கு 28, லட்சத்துக்கு 71 என்று நாம்தான் மாற்றி எழுத வேண்டும்.

நான் மதிப்பெண் குறைத்ததன் பெரிய காரணம் வேறு. ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று இது எடுத்துக்கொள்கிறது. நம் தேசிய குடும்ப நல ஆய்வில் முதலில் கிராமத்தையோ, நகரமென்றால் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதியையோ எடுத்து, அப்புறம் அதற்குள் 22 வீடுகளை எடுக்கிறார்கள். ஒரே தெருவில் தண்ணீர், கழிப்பறை எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும், ஆக 22 வீடு என்பது உண்மையில் 22 தனித்தனித் தகவல் இல்லை. அந்தத் தரவை நேராக ப்ராப்.டெஸ்டில் கொட்டினால் பிழை குறைவாகத் தெரியும், இல்லாத வித்தியாசம் இருப்பதாகப் படும். ஒரு எச்சரிக்கைகூட வராது! எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5-க்குக் கீழே போனால் மட்டும் எச்சரிக்கை காட்டும். ஆய்வுத் தரவு என்றால் ஆருக்காகத் தாமஸ் லம்லி எழுதிய சர்வே தொகுப்புக்குப் போய்விடுங்கள்.

மாதிரி ரொம்பப் பெரிதாக இருந்தாலும் கவனம் தேவை. குழுவுக்கு 5 லட்சம் பேர், ஒன்றில் 40 சதவீதம், மற்றதில் 40.3 என்றால் இசட் 3-ஐத் தாண்டிவிடும். அந்த 0.3-க்காகக் கோடிக்கணக்கில் செலவழிக்கலாமா என்பது வேறு கேள்வி, பி-மதிப்பில் அதற்கு விடை கிடையாது.

இதன் தம்பியான, எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்று கணக்கிடும் பவர்.ப்ராப்.டெஸ்டைப் பலர் தொடுவதே இல்லை, எனக்கென்னவோ அதுதான் அதிகம் உதவுகிறது. 40 சதவீதம் 45 ஆனதா என்று 80 சதவீதத் திறனோடு (வித்தியாசம் உண்மையில் இருந்தால் நூற்றுக்கு 80 தடவை பிடிபடும்படி) கண்டுபிடிக்கக் குழுவுக்கு 1,534 பேர் வேண்டும் என்று ஒரே நொடியில் சொல்லிவிடும். ‘நூறு பேரைக் கேட்டுவிட்டு அறிக்கை கொடுத்துவிடுங்கள் சார்’ என்று வருபவரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், திரையை அவர் பக்கம் திருப்பினால் போதும்.