அப்பாவின் கையில் விட்டுப்போன பிரானுலா

இந்த முறை பினாங்கு போனதில் எழுத வேண்டியது என்றால் அப்பாவின் கையில் கிடந்த பிரானுலாவை, அதாவது டிரிப் ஏற்ற நரம்பில் செருகி வைக்கும் குழாயைப் பற்றித்தான்.

டெங்கி என்று வார்டில் சேர்த்திருந்தார்கள். காய்ச்சல் இறங்கும்போதுதான் டெங்கியில் ஆபத்து. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பிரஷர் விழுந்துவிடும். அந்த 24, 48 மணி நேரம், தண்ணீர்கூட வயிற்றில் தங்காத அப்பாவுக்கு டிரிப்தான் உயிர். வயதானவர், நரம்பு தொட்டாலே நழுவும். சின்ன வயது மிஸ்ஸி (நர்ஸ்) ஒருத்தர், "ஐயா, கையை இறுக்கிப் பிடிங்க" என்றார். மணிக்கட்டு மடிப்பை விட்டுவிட்டு முன்கையில் தடவிப் பார்த்து, நீல நிற 22 நம்பர் பிரானுலாவை முதல் குத்திலேயே ஏற்றிவிட்டார். லண்டனில் என் மகளுக்கு இரண்டு கையிலும் குத்திப் பார்த்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். நம்ம ஊர்க் கை கைதான்!

அப்புறம்தான் வயிற்றெரிச்சல். அப்பா கஞ்சியும் மைலோவும் குடிக்க ஆரம்பித்து, டிரிப்பை நிறுத்திய பிறகும் பிரானுலா அப்படியே இருந்தது. மேலே ஒட்டியதில் போட்ட தேதி இல்லை. மிஸ்ஸிகளைக் கேட்டால், "திரும்பத் தேவைப்பட்டா குத்தணுமேண்ணே" என்றார்கள். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் குறைந்திருக்கும்போது மறுபடி குத்தினால் ரத்தம் கசியும், அது நியாயம்தான். ஆனால் பிளேட்லெட் ஏறிய பிறகும் அதே பதில். மறுநாள் பார்த்தால் குழாய் நின்ற இடத்திலிருந்து முழங்கை வரை சிவந்து, சூடாக, நரம்பு கயிறு மாதிரி விறைத்திருந்தது. அப்பா வலி என்று வாய் திறக்கவே இல்லை.

உள்ளே நிற்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான். ஆனாலும் தோல் கிருமி நேரே ரத்தத்துக்குள் போக அது ஒரு வழி. லண்டன் வார்டில் ஷிஃப்டுக்கு ஒரு தடவை அந்த இடத்தைப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். வலி, சிவப்பு, வீக்கம் இதில் இரண்டு சேர்ந்தால் 2, உடனே கழற்றிவிடுவார்கள். இதற்குப் பெரிய மெஷின் வேண்டாம், கண் போதும். என் சின்ன வயதில் மிஸ்ஸிகள் தலையணையைத் தட்டிப் போடும்போதே கையைத் திருப்பிப் பார்ப்பார்கள். பினாங்கு பாயான் லெப்பாஸில் பி. பிரவுன் என்ற மருத்துவக் கருவிக் கம்பெனியின் ஆலை 1972 முதல் இருக்கிறது. இந்தக் குழாய்களைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஊர் இது. இங்கே ஒரு கிழவர் கையில் அதை மறந்துவிடுவதா?

"நாளைக்கு ரவுண்ட்ஸ்ல எடுத்துடலாம்" என்றதற்கு நான் நகரவில்லை. கடைசியில் இரவு ஷிஃப்ட் மூத்த மிஸ்ஸி வந்து உருவினார். குழாயின் நுனி முழுசாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். பஞ்சை வைத்து வெகுநேரம் அழுத்திப் பிடித்தார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை.

தடிப்பு இன்னும் வற்றவில்லை. வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சீழ் வைத்தாலோ குளிர் காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் கூட்டிப் போகும்படி தங்கச்சியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.